பாண்ட் போட்டால் டாக்டர் நிற்பாரா? ஆஸ்பத்திரி வேலையில் சேர்வதும் விலகுவதும் ஏன்: ஒரு விளக்கம்

டெல்லி மந்திர் மார்க். பிர்லா மந்திர், காளிபாரி, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பிள்ளைகள் படித்து வரும் டெல்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி எல்லாம் இந்த ஒரே சாலையில்தான் இருக்கின்றன. இங்கிருந்து ஒரு பக்கம் நடந்தால் ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரி. கோல் மார்க்கெட் பக்கம் நடந்தால் லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரி. இரண்டும் மத்திய அரசு நடத்துபவை. முதலாவது, பிரிட்டிஷ் காலத்தில் வில்லிங்டன் ஆஸ்பத்திரியாக இருந்தது. இரண்டாவது, பெண்கள் டாக்டராக வேண்டும் என்பதற்காகவே 1916-ல் திறக்கப்பட்டது.

2021 டிசம்பரில் இந்த இரண்டு ஆஸ்பத்திரிகளின் ரெசிடென்ட் டாக்டர்களும், சஃப்தர்ஜங் உள்ளிட்ட மற்ற ஆஸ்பத்திரி டாக்டர்களோடு சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டிசம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தை நோக்கிப் பேரணி போனார்கள். வழியில் போலீஸ் தடுத்தது, தள்ளுமுள்ளு ஆனது, நாடு முழுக்கச் செய்தியானது.

அவர்கள் என்ன கேட்டார்கள் என்பது இன்று பலருக்கு ஞாபகம் இருக்காது. சம்பள உயர்வு கேட்கவில்லை. அடுத்த பேட்சை சீக்கிரம் அனுப்புங்கள் என்று கேட்டார்கள்.

அந்த வருடம் நீட் பி.ஜி தேர்வு ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குத் தள்ளிப்போய், கொரோனாவால் மறுபடியும் தள்ளிப்போய், செப்டம்பர் 11-ம் தேதிதான் நடந்தது. பிறகு இட ஒதுக்கீடு வழக்கால் கவுன்சலிங் நின்றுவிட்டது. முதலாம் ஆண்டு பி.ஜி மாணவர்கள் வரவே இல்லை. மூன்று பேட்ச் பார்க்க வேண்டிய வேலையை இரண்டு பேட்ச் பார்த்துக்கொண்டிருந்தது. 2022 ஜனவரி 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்த பிறகுதான் கவுன்சலிங் தொடங்கியது.

அந்தப் போராட்டத்தைக் கவனமாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். வேலையை விட்டுப் போக நினைப்பவர் கூடுதல் ஆள் கேட்க மாட்டார். இருக்க நினைப்பவர்தான் கேட்பார். அப்படியானால் ஆஸ்பத்திரி வேலையை டாக்டர்கள் எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள்? எது அவர்களை அங்கே நிறுத்துகிறது? எது துரத்துகிறது? அரசுகள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கின்றனவா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், 'ஆஸ்பத்திரி வேலை' என்றால் என்ன?

எம்.பி.பி.எஸ் முடித்த ஒருவர் முன்னால் பொதுவாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சொந்த க்ளினிக். போர்டு அவருடையது, நேரம் அவருடையது, வருமானமும் அவருடையது. இன்னொன்று ஆஸ்பத்திரி. அது ஜி.எச்-ஆக இருக்கலாம், மத்திய அரசின் நிறுவனமாக இருக்கலாம், வேலூர் சி.எம்.சி மாதிரி மிஷன் ஆஸ்பத்திரியாக இருக்கலாம், கார்ப்பரேட் ஆஸ்பத்திரியாகவும் இருக்கலாம். எங்கே இருந்தாலும் டியூட்டி ரோஸ்டரை இன்னொருவர்தான் போடுவார்.

நம் அப்பா அம்மா காலத்தில் எல்லோருக்கும் ஒரு 'ஃபேமிலி டாக்டர்' இருந்தார். தெருமுனையில் க்ளினிக், சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். இன்று மருத்துவத்தின் எடை ஆஸ்பத்திரி பக்கம் சாய்ந்துவிட்டது. உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவில் வார்டில் படுத்திருக்கும் நோயாளியை மட்டுமே பார்த்துக்கொள்ளும் டாக்டருக்கு 'ஹாஸ்பிட்டலிஸ்ட்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். அந்தச் சொல் 1996-ல்தான் ஒரு மருத்துவ இதழில் முதலில் வந்தது. இருபது வருடத்தில் அப்படிப்பட்ட டாக்டர்களின் எண்ணிக்கை அங்கே சுமார் 50,000 ஆகிவிட்டது.

இந்தியாவில் இதற்குக் கிட்டத்தட்ட இணையான ஆள், தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி உங்களைப் பார்க்கும் 'டியூட்டி டாக்டர்'. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே அது ஒரு கரியர். இங்கே அது பெரும்பாலும் பி.ஜி சீட் கிடைக்கும் வரை காத்திருக்கும் இடம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

எது உள்ளே இழுக்கிறது?

சில பிரிவுகளுக்கு வேறு வழியே இல்லை. மயக்க மருந்து நிபுணர், ஐ.சி.யூ டாக்டர், எமர்ஜென்சி டாக்டர், இதய அறுவை சிகிச்சை நிபுணர் இவர்களெல்லாம் தெருமுனை க்ளினிக்கில் உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது. ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி, லேப், நர்ஸ், டெக்னீஷியன் எல்லாம் சேர்ந்தால்தான் அவர்களுடைய வேலையே நடக்கும்.

வேறு வழி இருப்பவர்களையும் ஆஸ்பத்திரி இழுக்கிறது. அதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, கேஸ். ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் ஒரே வாரத்தில் பார்க்கும் நோய்களின் வகையை க்ளினிக்கில் வருடக்கணக்கில் உட்கார்ந்தாலும் பார்க்க முடியாது. கை தேறுவது அங்கேதான்.

இரண்டு, கூட்டம். நோயாளிக் கூட்டத்தைச் சொல்லவில்லை, சக டாக்டர்களைச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் பக்கத்து வார்டில் கேட்கலாம். தப்பு நடந்தால் சீனியர் பிடித்துவிடுவார். தனியாக முடிவெடுக்கும் பாரம் குறைகிறது.

மூன்று, சொல்லிக்கொடுப்பது. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ஒரே நேரத்தில் மாணவராகவும் ஆசிரியராகவும் இருக்கிறார். ஹவுஸ் சர்ஜனுக்கு பி.ஜி சொல்லிக்கொடுப்பார், பி.ஜி-க்கு அசிஸ்டென்ட் சொல்லிக்கொடுப்பார்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய ஆய்வு உதவும். 1959-ல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 இன்ஜினியர்களையும் அக்கவுன்டன்ட்களையும் பேட்டி எடுத்து ஒரு புத்தகம் எழுதினார். வேலையில் மகிழ்ச்சி தருபவை ஒரு லிஸ்ட், வேலையை வெறுக்க வைப்பவை வேறொரு லிஸ்ட் என்றார் அவர். சாதித்த உணர்வு, அங்கீகாரம், வேலையின் சுவை, வளர்ச்சி எல்லாம் முதல் லிஸ்ட். சம்பளம், நேரம், பாதுகாப்பு, மேலதிகாரி, நிர்வாக விதிகள் எல்லாம் இரண்டாவது லிஸ்ட். இரண்டாவதைச் சரிசெய்தால் வெறுப்பு குறையும், ஆனால் ஆர்வம் வந்துவிடாது. முதலாவது நிறைய இருந்தாலும் இரண்டாவது மோசமாக இருந்தால் ஒருநாள் ராஜினாமா கடிதம் வரும்.

இந்தக் கோட்பாட்டை விமர்சித்தவர்கள் நிறைய பேர். ஆனால் இந்திய ஆஸ்பத்திரிகளின் டேட்டாவை இதன் வழியாகப் படித்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

எது வெளியே தள்ளுகிறது?

*நேரம்:* ஜூனியர் ரெசிடென்ட்கள் சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் இல்லாமல் வேலை பார்க்க வேண்டும் என்று மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் 1992-லேயே சொல்லிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். ஆய்வில் 5,000-க்கும் அதிகமான பி.ஜி மாணவர்கள் பங்கேற்றார்கள். அதில் சுமார் 45 சதவீதம் பேர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகச் சொன்னார்கள். 56 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு வார விடுமுறையே கிடைப்பதில்லை.

ஆணையத்திடம் ஆர்.டி.ஐ மூலம் பெறப்பட்ட இன்னொரு தகவல் இன்னும் கனமானது. ஐந்து ஆண்டுகளில் 64 எம்.பி.பி.எஸ் மாணவர்களும் 55 பி.ஜி மாணவர்களும் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். அதே காலத்தில் 1,166 பேர் படிப்பை விட்டு விலகினார்கள். அதில் 160 பேர் எம்.பி.பி.எஸ். மீதி 1,006 பேர் பி.ஜி.

இந்தக் கடைசி எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். நாட்டிலேயே கஷ்டமான தேர்வுகளில் ஒன்றை எழுதி ஜெயித்து வாங்கிய சீட் அது. எம்.பி.பி.எஸ்-ஐ விடக் குறைவான பேர் படிக்கும் பி.ஜி-யில், ஆறு மடங்குக்கும் அதிகமானோர் விலகியிருக்கிறார்கள். வேறு பிரிவில் சேர்வதற்காக விலகியவர்களும் இதில் இருக்கலாம். ஆனாலும் பி.ஜி என்பது படிப்பு மட்டும் கிடையாது, முழுநேர ஆஸ்பத்திரி வேலை என்பதை மறக்கக்கூடாது.

*பாதுகாப்பு:* 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் டியூட்டியில் இருந்த ஒரு பெண் பி.ஜி டாக்டர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து தேசியப் பணிக்குழு அமைத்தது. மூன்று மாதம் கழித்து, நவம்பர் 13 அன்று, சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் டாக்டர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் ஒரு நோயாளியின் மகன். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராக 2008-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு, ஒரு வார்டுக்கு ஒரே டாக்டராக நிற்பவருக்கு அந்தச் சட்டம் எவ்வளவு தைரியம் தரும் என்பது வேறு கேள்வி.

*வளர்ச்சி:* உங்கள் கம்பெனியில் ஒருவருக்கு நாலு வருடத்தில் புரமோஷன், அதே வேலை பார்க்கும் உங்களுக்கு எட்டு வருடத்தில் என்றால் என்ன ஆகும்? 2019 அக்டோபர் 25 அன்று தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியதற்குப் பின்னால் இதுதான் முக்கியக் காரணம். மத்திய அரசில் பொது மருத்துவ அலுவலர்களுக்கு 4, 9, 13, 20 ஆண்டுகளில் அடுத்தடுத்த ஊதிய நிலை. தமிழ்நாட்டில் 8, 15, 17, 20. மத்திய அரசு டாக்டர் 13-வது வருடத்தில் தொடும் நிலையை இங்கே தொட 20 வருடம். அதைச் சீராக்க 2009-ல் போடப்பட்ட அரசாணை 354-ஐ அதன் நோக்கப்படி அமல்படுத்துங்கள் என்பது டாக்டர்களின் கோரிக்கை. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 1 அன்று வேலைக்குத் திரும்பினார்கள்.

இதில் சம்பளமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிட்டனில் 2023 மார்ச்சில் தொடங்கி அலை அலையாக வேலைநிறுத்தம் செய்த 'ஜூனியர் டாக்டர்கள்' 2024 செப்டம்பரில் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றார்கள். இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து சராசரியாக 22 சதவீத உயர்வு கிடைத்தது. அதோடு 'ஜூனியர்' என்ற பெயரையும் மாற்றி 'ரெசிடென்ட் டாக்டர்' ஆக்கிக்கொண்டார்கள். பத்து வருடம் அனுபவம் இருந்தும் ஜூனியர் என்று அழைக்கப்படுவது அவர்களுக்குச் சுட்டது.

ஒரு சின்ன கணக்கு

உங்கள் ஸ்கூல் க்ளாஸ்மேட் ஒருவர் டாக்டர் என்று வைத்துக்கொள்வோம். 18 வயதில் எம்.பி.பி.எஸ் சேர்ந்தார். இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடம். நீட் பி.ஜி-க்குத் தயாராக ஒரு வருடம். பி.ஜி மூன்று வருடம். டெல்லி மாதிரி இடத்தில் சீனியர் ரெசிடென்சி மூன்று வருடம். எல்லாம் தடங்கலே இல்லாமல் நடந்தால்கூட வயது முப்பதைத் தாண்டிவிடும். நிரந்தர வேலைக்கு அதன் பிறகுதான் அப்ளை செய்ய வேண்டும். 22 வயதில் இன்ஜினியரிங் முடித்த நீங்கள் அதற்குள் ரெண்டு கம்பெனி மாறியிருப்பீர்கள், ஹோம் லோன் வாங்கியிருப்பீர்கள்.

மத்திய அரசு ஆஸ்பத்திரியில் ஜூனியர் ரெசிடென்ட்டின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, சீனியர் ரெசிடென்ட்டுக்கு 67,700. படிகள் தனி. தமிழ்நாட்டில் அசிஸ்டென்ட் சர்ஜனுக்கும் தொடக்கம் 56,100 தான். மோசமான சம்பளம் என்று சொல்ல முடியாது. ஆனால் மத்திய அரசு டாக்டர் தனியாக ப்ராக்டிஸ் செய்யக் கூடாது, அதற்குப் பதிலாக அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் தனிப்படியாகக் கிடைக்கும். தமிழ்நாட்டில் டியூட்டி நேரம் போக க்ளினிக் வைத்துக்கொள்ளலாம். காலையில் ஜி.எச், மாலையில் சொந்த க்ளினிக் என்ற ஏற்பாடு பலரை அரசு வேலையில் நிறுத்தியிருக்கிறது. அதில் நோயாளிக்கு வேறு சிக்கல்கள் உண்டு என்பதும் உண்மை.

பெரிய பெயர் இருந்தால் போதாதா?

போதாது. டெல்லி எய்ம்ஸைவிடப் பெரிய பெயர் இந்திய மருத்துவத்தில் ஏது? நாடாளுமன்றத்தில் மத்திய அரசு 2025-ல் கொடுத்த தகவல்படி, 2022 முதல் 2024 வரை 20 எய்ம்ஸ்களிலிருந்து 429 ஆசிரிய டாக்டர்கள் ராஜினாமா செய்திருக்கிறார்கள். பட்டியலில் முதலிடம் டெல்லி எய்ம்ஸுக்குத்தான், 52 பேர். அங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று காலி.

இன்னொரு பழைய ஆய்வும் இங்கே பொருந்தும். 1989 முதல் 2000 வரை டெல்லி எய்ம்ஸில் எம்.பி.பி.எஸ் முடித்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். முடிவு 2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. கிட்டத்தட்ட 54 சதவீதம் பேர் வெளிநாட்டில். ஒன்றுக்கு மேற்பட்ட பரிசுகள் வாங்கிய மாணவர்கள் போகும் வாய்ப்பு, பரிசு வாங்காதவர்களைவிட 35 சதவீதம் அதிகம். பொதுப்பிரிவில் சேர்ந்தவர்கள் போகும் வாய்ப்பு, இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களைவிட இரண்டு மடங்கு.

இட ஒதுக்கீடு பற்றிய நம் வழக்கமான சண்டைகளில் இந்த எண் வருவதே இல்லை. யாரைச் சேர்க்கிறோம் என்பதிலேயே யார் நிற்பார்கள் என்பதும் ஓரளவு முடிவாகிவிடுகிறது. கிராமப்புறத்தில் டாக்டர்களைத் தக்கவைக்க உலக சுகாதார நிறுவனம் 2010-லும் 2021-லும் தந்த பரிந்துரைகளில் ஒன்று, கிராமப்புறப் பின்னணி உள்ள மாணவர்களைச் சேர்ப்பது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை இந்தக் கண்ணோடும் பார்க்கலாம். அதில் முதலில் சேர்ந்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதை அடுத்த பத்து வருடம் தொடர்ந்து கணக்கெடுத்தால் அருமையான டேட்டா கிடைக்கும்.

அரசுகள் என்ன செய்கின்றன? வழி ஒன்று: சீட்டைக் கூட்டுவது

2014-க்கு முன் நாட்டில் 51,348 எம்.பி.பி.எஸ் சீட்டுகள். 2024-ல் 1,12,112. பி.ஜி சீட்டுகள் 31,185-லிருந்து 72,627 ஆகிவிட்டன. ரெண்டு மடங்குக்கு மேல்!

அப்படியானால் சிறப்பு மருத்துவர்கள் கிராமம் வரைக்கும் போயிருக்க வேண்டுமே? மத்திய அரசின் 2021-22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி, கிராமப்புற சமுதாய சுகாதார நிலையங்களின் தேவையோடு ஒப்பிட்டால், அறுவை சிகிச்சை நிபுணர்கள் 83.2 சதவீதம், குழந்தைகள் நல டாக்டர்கள் 81.6 சதவீதம், பொது மருத்துவ நிபுணர்கள் 79.1 சதவீதம், மகப்பேறு டாக்டர்கள் 74.2 சதவீதம் பற்றாக்குறை.

இன்னொரு பக்கம், 2023-ல் பி.ஜி சீட்டுகள் நிரம்பாததால் நீட் பி.ஜி கட்-ஆஃபை பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கே இறக்கினார்கள். முன்னணி ரேங்க் எடுத்தவர்கள் ரேடியாலஜி, பொது மருத்துவம், தோல் மருத்துவம் என்று எடுத்துக்கொள்ள, அனாட்டமி, ஃபிசியாலஜி போன்றவை காலியாகவே கிடக்கின்றன. சீட்டை அரசால் உருவாக்க முடியும். விருப்பத்தை அப்படி உருவாக்க முடியாது.

வழி இரண்டு: பூட்டு

அதாவது பாண்ட். அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படித்தாயா, இத்தனை வருடம் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார், இல்லையென்றால் இத்தனை லட்சம் கட்டு. 2019 ஆகஸ்ட் 19 அன்று உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் இப்படி பாண்ட் வாங்குவது செல்லும் என்று தீர்ப்பளித்தது. மக்கள் வரிப்பணத்தில் படித்தவர் மக்களுக்குக் கொஞ்சம் திருப்பித் தர வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. பாண்டால் ஒரு ஜி.எச்-க்கு ஒரு வருடமாவது ஒரு சிறப்பு மருத்துவர் கிடைக்கிறார் என்பதும் உண்மை.

ஆனால் பாண்ட் ஒரு தேதியோடு முடிகிறது. முதல் நாளிலிருந்தே அந்தத் தேதியை எண்ணிக்கொண்டிருப்பவரிடம், வார்டை முன்னேற்று, ஜூனியருக்குச் சொல்லிக்கொடு, புதுசாக ஒரு யூனிட் தொடங்கு என்றெல்லாம் எதிர்பார்க்க முடியாது. ஐ.டி கம்பெனிகளின் சர்வீஸ் அக்ரிமென்ட் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

வழி மூன்று: ஏணி

இங்கேதான் தமிழ்நாட்டின் அனுபவம் முக்கியம். இங்கே பல வருடங்களாக ஓர் ஏற்பாடு இருந்தது. எம்.பி.பி.எஸ் முடித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசு டாக்டராகச் சேருங்கள். சில வருடம் வேலை பாருங்கள். பி.ஜி சீட்டில் உங்களுக்குத் தனி ஒதுக்கீடு. படித்து முடித்து அரசு ஆஸ்பத்திரிக்கே சிறப்பு மருத்துவராகத் திரும்பி வாருங்கள். 'சர்வீஸ் கோட்டா' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

எண்ணில் சொன்னால், ஓர் அரசுக் கல்லூரியில் 100 பி.ஜி சீட் இருந்தால் 50 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி 50-ல் பாதி, அதாவது 25, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. மிச்சம் 25 மற்றவர்களுக்கு.

கிராமத்து பி.எச்.சி-யில் ஒரு இளம் டாக்டர் ஏன் இருந்தார் என்பதற்கான பெரிய விடை இது. அங்கே நின்றால் மேலே ஏற ஒரு படி கிடைக்கும். அந்தப் படியில் ஏறியவர் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு, பிறகு மருத்துவக் கல்லூரிக்கு என்று போனார். ஒரே ஏணியில் கீழே பி.எச்.சி-க்கும் ஆள் கிடைத்தது, மேலே மருத்துவக் கல்லூரிக்கும் ஆள் கிடைத்தது.

பிறகு அந்த ஏணி ஆடியது. அப்போதிருந்த மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, பணியில் உள்ள டாக்டர்களுக்கு பி.ஜி பட்டப் படிப்பில் தனி ஒதுக்கீடு கூடாது. தொலைதூரப் பகுதியில் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் நீட் மதிப்பெண்ணில் 10 சதவீதம் வீதம், அதிகபட்சம் 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் மட்டும் தரலாம். 2016-ல் உச்ச நீதிமன்றம் இந்த விதியை உறுதி செய்தது. தமிழ்நாட்டு டாக்டர்கள் சங்கம் விடவில்லை. வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு வரை போனது. 2020 ஆகஸ்ட் 31 அன்று, இந்த ஒதுக்கீட்டைத் தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. அதே வருடம் நவம்பரில் உயர் சிறப்புப் படிப்புகளிலும் 50 சதவீதம் ஒதுக்கித் தமிழ்நாடு அரசாணை போட்டது. 2022 மார்ச் 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை அமல்படுத்த அனுமதித்தது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதிக மதிப்பெண் எடுத்த ஒருவருக்குச் சீட் கிடைக்காமல், குறைவாக எடுத்த சர்வீஸ் டாக்டருக்குக் கிடைக்கலாம். அப்படி இடம் இழக்கும் இளைஞருக்கு அது உண்மையான வலி. ஆனால் அந்த சர்வீஸ் டாக்டரும் நீட் பி.ஜி எழுதித் தகுதி பெற்றவர்தான். படித்து முடித்து எங்கே வேலை பார்ப்பார் என்பது அவர் விஷயத்தில் முன்கூட்டியே தெரியும். பொதுச் சுகாதாரத்துக்கு அந்த உறுதியின் விலை பெரிது.

இன்னொரு மாதிரி: வேலூர்

சி.எம்.சி-யில் தனி ப்ராக்டிஸ் கிடையாது. கார்ப்பரேட் சம்பளமும் கிடையாது. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம் நாட்டின் முன்னணி ஆஸ்பத்திரிகளில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. அங்கே பல எம்.பி.பி.எஸ் மாணவர்கள் ஏதாவது ஒரு மிஷன் அமைப்பின் ஸ்பான்சர்ஷிப்போடு சேர்கிறார்கள். படிப்பு முடிந்ததும் அந்த அமைப்பின் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டும்.

பார்த்தால் இதுவும் பாண்ட்தான். வித்தியாசம் எங்கே? சேரும்போதே எங்கே போகப் போகிறோம், யாரோடு வேலை பார்க்கப் போகிறோம் என்பது தெரியும். முன்னால் போன சீனியர்கள் அங்கே இருப்பார்கள். திரும்பி வந்தால் மேற்படிப்புக்கு அந்தச் சேவைக்கு மதிப்பு இருக்கும். அதாவது, பூட்டோடு ஏணியும் சேர்ந்தே வருகிறது.

அப்படியானால் முடிவு என்ன?

டாக்டரை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவருவது கேஸ், சக டாக்டர்கள், கற்றல். வெளியே தள்ளுவது தூக்கமின்மை, பயம், தேங்கிப்போன புரமோஷன். உள்ளே இருந்தால் மேலே போகலாம் என்ற உறுதி இருக்கும்போது மனிதர்கள் நிறைய கஷ்டத்தைத் தாங்கிக்கொள்கிறார்கள். அந்த உறுதி இல்லாதபோது பெரிய பெயர்கூட அவர்களை நிறுத்துவதில்லை. தனியார் ஆஸ்பத்திரி டியூட்டி டாக்டர் அடிக்கடி மாறுவதற்கும் இதுதான் காரணம். அந்த வேலையில் ஏற ஒரு படியும் இல்லை.

ஆனால் ஏணி மட்டும் இருந்தால் போதாது. 2019-ல் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் அந்த ஏணியில் ஏறிய டாக்டர்களும் இருந்தார்கள். மேற்படிப்புக்கு ஏணி வைத்த அரசு, ஊதியத்துக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் அதே அக்கறையைக் காட்டவில்லை என்பதுதான் அவர்கள் கோபம்.

இது டாக்டர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று தோன்றலாம். சென்னையிலோ பெங்களூரிலோ டெல்லியிலோ வேலை பார்க்கும் நமக்கு ஒருநாள் ராத்திரி ஊரிலிருந்து போன் வரும். அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஜி.எச்-க்குக் கொண்டுபோகிறோம் என்பார்கள். அந்த நேரத்தில் அங்கே யார் டியூட்டியில் இருக்கிறார், எத்தனை மணி நேரமாக முழித்திருக்கிறார், அவருக்கு மேலே கூப்பிட ஒரு சீனியர் இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கும்.

அதனால் அடுத்த முறை புதிய மருத்துவக் கல்லூரி, புதிய 1,000 படுக்கை ஆஸ்பத்திரி என்று அறிவிப்பு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நிரந்தரப் பணியிடங்கள் எத்தனை, அதில் நிரப்பப்பட்டவை எத்தனை? ஒரு டாக்டர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்ப்பார், அதை யார் கணக்கெடுக்கிறார்கள்? இன்று சேரும் டாக்டர் பத்து வருடத்தில் எந்த இடத்தில் இருப்பார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தக் கட்டடத்தில் டாக்டர்கள் இருப்பார்கள்.

2021 டிசம்பர் குளிரில் மந்திர் மார்க் பக்கத்து ஆஸ்பத்திரிகளின் டாக்டர்கள் வெளியே வந்து நின்றபோது கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். அவர்கள் போக நினைக்கவில்லை. பக்கத்தில் நின்று வேலை பார்க்க இன்னும் ஆட்கள் வேண்டும் என்றார்கள்.